மூன்று மணி ஆட்டம்: நேரலைத் தொலைக்காட்சியும் இங்கிலாந்துக் கால்பந்தும்

இங்கிலாந்தில் கால்பந்து ஆட்டத்திற்கு உரிய நேரம் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. இந்த நேரத்தை எந்தக் கால்பந்து அமைப்பும் யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. தொழிற்சாலைகளின் வேலை நேரத்திலிருந்து அது பிறந்தது. நெசவாலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை இரண்டு மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என 1850ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. நாளடைவில் சனிக்கிழமை அரைநாள் விடுமுறை மற்றத் தொழில்களுக்கும் பரவியது. ஆலையிலிருந்து வெளியே வந்தவர்கள் நடந்தே மைதானத்தை அடைய ஒரு மணி நேரம் போதும். 1888இல் 12 கழகங்களோடு கால்பந்து லீக் தொடங்கியபோது சனிக்கிழமைப் பிற்பகல் ஏற்கெனவே கால்பந்தின் நேரமாகியிருந்தது.

நேரலைத் தொலைக்காட்சி வளர்ந்தால் இந்தப் பிற்பகல் அழியும், மைதானங்கள் காலியாகும் என்று கழக நிர்வாகிகள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அஞ்சினர். மைதானங்கள் காலியாகவில்லை. ஆனால் ஆட்டம் எப்போது தொடங்கும் என்பதை முடிவு செய்யும் உரிமை கழகங்களின் கையிலிருந்தும் ரசிகர்களின் கையிலிருந்தும் நழுவியது.

தொடக்க ஒளிபரப்புகள்

கால்பந்து முதன்முதலில் தொலைக்காட்சியில் வந்தது 1937 செப்டம்பர் 16 அன்று. லண்டன் ஹைபரி மைதானத்தில் ஆர்சனல் அணிக்கும் அதன் மாற்று வீரர்களுக்கும் இடையே நடந்த பயிற்சி ஆட்டத்தின் சில காட்சிகளை பிபிசி காட்டியது. ஹைபரி பிபிசி நிலையத்திற்குப் பக்கத்தில் இருந்தது என்பதே அந்த மைதானத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். அடுத்த ஆண்டு ஏப்ரல் 30 அன்று பிரஸ்டன் நார்த் எண்ட், ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் அணிகள் மோதிய எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் முழுவதும் நேரலையாக வந்தது. கூடுதல் நேரத்தின் இறுதியில் ஜார்ஜ் மட்ச் அடித்த பெனால்டியால் பிரஸ்டன் வென்றது. தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தவர்கள் அப்போது மிகச் சிலரே. மைதானத்தில் இருந்த கூட்டத்தோடு ஒப்பிட்டால் அந்த எண்ணிக்கை ஒன்றுமே இல்லை.

நிலை மாறியது 1953இல். அந்த ஆண்டு ஜூன் மாதம் நடக்கவிருந்த அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவைக் காண்பதற்காகப் பல குடும்பங்கள் பெட்டி வாங்கின. அதற்கு ஒரு மாதம் முன்னர், மே 2 அன்று, பிளாக்பூல் அணி போல்டனை 4-3 என வென்ற கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. 38 வயது ஸ்டான்லி மேத்யூஸ் பதக்கம் பெறுவதை நாடே வீட்டில் அமர்ந்து பார்த்தது. கழகத் தலைவர்களின் அச்சமும் ஏறக்குறைய அப்போதுதான் வேர்விட்டது.

1960: ஓர் ஆட்டத்தோடு முடிந்த முயற்சி

கோப்பை இறுதி ஆண்டுக்கு ஒரு முறை வருவது. வாரந்தோறும் நடக்கும் லீக் ஆட்டங்களை நேரலையாகக் காட்டுவது வேறு செய்தி. 1960இல் ஐடிவி நிறுவனம் 1.5 லட்சம் பவுண்டு தந்து 26 லீக் ஆட்டங்களைக் காட்ட உடன்பாடு செய்தது. முதல் ஆட்டம் செப்டம்பர் 10 அன்று பிளாக்பூலுக்கும் போல்டனுக்கும் இடையே நடந்தது. ஒளிபரப்புக்காக அது சனிக்கிழமை மாலைக்கு நகர்த்தப்பட்டது. மக்கள் பார்க்க விரும்பிய மேத்யூஸ் காயத்தால் ஆடவில்லை. போல்டன் ஒரே கோலில் வென்றது.

அடுத்தடுத்து ஆட்டங்களை ஒளிபரப்ப வேண்டிய ஆர்சனலும் டாட்டன்ஹாமும் படப்பிடிப்புக் கருவிகளை உள்ளே விட மறுத்தன. உடன்பாடு முறிந்தது. அதன் பின் 23 ஆண்டுகளுக்கு லீக் ஆட்டம் எதுவும் இங்கிலாந்தில் நேரலையாக வரவில்லை. 1964 ஆகஸ்ட் 22 அன்று தொடங்கிய பிபிசியின் ‘மேட்ச் ஆஃப் தி டே’ நிகழ்ச்சி, ஆட்டம் முடிந்த பின் இரவில் சுருக்கக் காட்சிகளை மட்டுமே தந்தது. லிவர்பூல், ஆர்சனல் அணிகள் ஆடிய அதன் முதல் ஆட்டத்தைத் திரையில் பார்த்தவர்களைவிட மைதானத்தில் பார்த்தவர்கள் அதிகம்.

பாப் லார்டும் பிற்பகல் தடையும்

பர்ன்லி கழகத்தின் தலைவராக 1955 முதல் 1981 வரை இருந்தவர் பாப் லார்டு. இறைச்சி வணிகத்தில் செல்வம் சேர்த்தவர். பேச்சில் கடுமை காட்டுபவர். பர்ன்லி சிறிய ஆலை நகரம். அதன் சுற்றுவட்டத்தில் பிளாக்பர்ன், பிரஸ்டன், போல்டன், பரி எனக் கழகங்கள் நெருக்கமாக இருந்தன. மான்செஸ்டரும் தொலைவில் இல்லை. சனிக்கிழமைப் பிற்பகலில் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டம் வீட்டுத் திரையில் இலவசமாகக் கிடைத்தால், குளிரிலும் மழையிலும் நின்று நான்காம் பிரிவு ஆட்டத்தைக் காசு கொடுத்துப் பார்க்க யார் வருவார்கள் என்பது லார்டின் கேள்வி. பர்ன்லியின் டர்ஃப் மூர் மைதானத்தில் பிபிசியின் கருவிகளையே அவர் சில ஆண்டுகள் அனுமதிக்கவில்லை.

மற்றத் தலைவர்கள் அவர் வாதத்தை ஏற்றனர். 1960களில் உருவான அந்தத் தடை இன்றும் நடைமுறையில் உள்ளது. சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரலையாகக் காட்டக் கூடாது. ஸ்பெயினில் நடக்கும் ஆட்டத்திற்கும் இது பொருந்தும். வாரத்தில் இரண்டரை மணி நேரத்தை இவ்வாறு காத்துக்கொள்ள ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியத்தின் விதிகள் உறுப்பு நாடுகளுக்கு இடம் தருகின்றன. ஆயினும் அந்த உரிமையைப் பயன்படுத்தும் நாடுகள் மிகக் குறைவு.

தடை நாட்டுக்குள் மட்டுமே என்பதால் ஒரு விந்தை விளைந்தது. சனிக்கிழமை மூன்று மணி ஆட்டம் இந்திய நேரப்படி இரவு 7.30க்கு, குளிர்காலத்தில் 8.30க்குத் தொடங்குகிறது. சென்னையிலோ கோவையிலோ இருப்பவர் அதை நேரலையாகப் பார்க்கலாம். மைதானத்திற்கு அடுத்த தெருவில் குடியிருப்பவருக்கு அந்த வசதி இல்லை. போர்ட்ஸ்மத் நகரில் மதுக்கடை நடத்திய ஒரு பெண், கிரேக்க நாட்டுச் செயற்கைக்கோள் அட்டையைக் கொண்டு இத்தகைய ஆட்டங்களைக் கடையில் காட்டியதற்காகத் தண்டிக்கப்பட்டார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. பிற நாட்டு அட்டைகளைத் தடுப்பது ஐரோப்பியச் சந்தை விதிகளுக்கு முரண் என 2011 அக்டோபரில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு அவருடைய தண்டனை நீக்கப்பட்டது. பிற்பகல் தடை மட்டும் நீங்கவில்லை.

லார்டு சொன்னது சரியா என்பதை ஆராய ஒரு வாய்ப்பு தற்செயலாகக் கிடைத்தது. 1948-49 பருவத்தில் லீக் ஆட்டங்களுக்கு 4.1 கோடிக்கும் மேற்பட்டோர் வந்தனர். அதுவே உச்சம். அதன் பின் கூட்டம் குறைந்துகொண்டே போனது. குறைந்த காலத்தின் பெரும்பகுதியில் லீக் நேரலையே கிடையாது. 1985இல் கட்டணத் தகராறு காரணமாகப் பருவத்தின் முதல் பாதி முழுவதும் கால்பந்து திரையில் அறவே வரவில்லை. அப்படியும் 1985-86 பருவத்தில் வந்தவர்கள் சுமார் 1.65 கோடிப் பேரே. உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் அதுவே மிகக் குறைந்த எண்ணிக்கை. 1985 மே மாதத்தில் மட்டும் பிராட்ஃபோர்டு மைதானத் தீயில் 56 பேரும், பிரசல்ஸ் ஹெய்சல் அரங்கில் 39 பேரும் இறந்திருந்தனர். வன்முறை, இடிந்துவிழும் நிலையிலிருந்த மைதானங்கள், ஆலை மூடல்கள் ஆகியவையே மக்களை விரட்டின. தொலைக்காட்சியின் மீது பழி போடுவது நிர்வாகிகளுக்கு வசதியாக இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

பணம் யாருக்கு

1983இல் லீக் நேரலைக்கு மீண்டும் இசைந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு 52 லட்சம் பவுண்டு. அக்டோபர் 2, ஞாயிற்றுக்கிழமை, டாட்டன்ஹாம், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஆட்டத்தை ஐடிவி காட்டியது. டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட், டாட்டன்ஹாம் ஆட்டத்தை பிபிசி வெள்ளிக்கிழமை இரவு காட்டியது. சனிக்கிழமைப் பிற்பகலை விட்டு ஆட்டங்கள் நகரத் தொடங்கியது இங்கிருந்துதான்.

அதுவரை தொலைக்காட்சிப் பணத்தை 92 கழகங்களும் சமமாகப் பங்கிட்டு வந்தன. பெரிய கழகங்களுக்கு இது உறுத்தியது. பிரிந்து போவோம் என்று அவை மிரட்டியதன் விளைவாக, முதல் பிரிவுக்குப் பாதிப் பணம் என்ற ஏற்பாடு வந்தது. 1988இல் ஐடிவி நான்கு ஆண்டுகளுக்கு 4.4 கோடி பவுண்டு தந்தது. அடுத்த ஆண்டு மே 26, வெள்ளிக்கிழமை இரவு, ஆன்ஃபீல்டில் லிவர்பூலை ஆர்சனல் 2-0 என வென்று, கடைசி நிமிடக் கோலால் பட்டம் பெற்றதை ஐடிவி நேரலையாகக் காட்டியது. தொடர் நாடகம் எதற்கும் இல்லாத விறுவிறுப்பை லீக் ஆட்டம் தரும் என்பது தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு விளங்கியது.

அந்த ஆட்டம் தள்ளிப்போனதற்குக் காரணம் ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோவில் நடந்த நெரிசல். அதில் 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தனர். நீதிபதி டெய்லரின் 1990 அறிக்கை, பெரிய மைதானங்களில் நின்று பார்க்கும் மேடைகளை நீக்கி அனைவருக்கும் இருக்கை அமைக்கச் சொன்னது. கட்டுமானத்திற்குப் பணம் தேவைப்பட்டது. முதல் பிரிவின் 22 கழகங்கள் லீக்கிலிருந்து விலகி 1992இல் பிரீமியர் லீக்கைத் தொடங்கின.

அதன் உரிமைக்கான போட்டியில் ஐடிவியும் நட்டத்தில் தத்தளித்த ஸ்கை நிறுவனமும் நின்றன. 1992 மே 18 அன்று கழகங்கள் வாக்களித்தபோது ஸ்கைக்கு 14, எதிராக 6. பிபிசியின் சுருக்கக் காட்சிகளையும் சேர்த்து ஐந்து ஆண்டுகளுக்கு 30.4 கோடி பவுண்டு என அறிவிக்கப்பட்டது. ஸ்கைக்கு ஆதரவாக வாக்களித்த டாட்டன்ஹாம் தலைவர் ஆலன் சுகரின் ஆம்ஸ்டிராட் நிறுவனம் ஸ்கைக்கான அலைவாங்கித் தட்டுகளைத் தயாரித்து வந்தது. இது அன்றே பேசப்பட்டது. அவரும் தம் தொழில் தொடர்பை மறைக்கவில்லை.

திங்கள்கிழமை இரவு

ஸ்கை ஆண்டுக்கு 60 ஆட்டங்களைக் காட்டியது. ஞாயிறு மாலையும் திங்கள் இரவும் அதன் நேரங்கள். முதல் திங்கள் ஆட்டம் 1992 ஆகஸ்ட் 17 அன்று மான்செஸ்டர் சிட்டிக்கும் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கும் நடந்தது. வாணவேடிக்கையும் நடனமும் இருந்தன. ரேஞ்சர்ஸ் லண்டன் கழகம். வேலை நாளில் 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, ஆட்டம் முடிந்து நள்ளிரவில் திரும்பி, மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டிய நிலை அதன் ரசிகர்களுக்கு முதல் வாரத்திலேயே வந்துவிட்டது.

வெளியூர் ஆட்டங்களுக்குத் தம் அணியோடு பயணம் செய்யும் வழக்கம் இங்கிலாந்தில் ஆழமானது. இவர்களை ‘அவே’ ரசிகர்கள் என்பர். ரயில் சீட்டை முன்கூட்டி வாங்கினால்தான் விலை மலிவு. ஆட்ட நேரம் சில வாரங்களுக்கு முன் மாற்றப்பட்டால் வாங்கிய சீட்டு வீணாகும். இரவு ஆட்டம் முடியும்போது ஊர் திரும்பக் கடைசி ரயில் போயிருக்கும். 2023இல் உல்வர்ஹாம்ப்டன், செல்சி ஆட்டம் ரசிகர் அமைப்புகளின் எதிர்ப்பையும் மீறி டிசம்பர் 24 அன்று நடத்தப்பட்டது. கிறிஸ்துமஸ் முன்னாளில் பிரீமியர் லீக் ஆட்டம் நடந்தது 1995க்குப் பிறகு அதுவே முதல் முறை.

நேரலை எண்ணிக்கை பருவத்திற்கு 60 என்பதிலிருந்து 154, 168, 200 எனப் படிப்படியாக ஏறியது. 2016 முதல் மூன்று பருவங்களுக்கான உள்நாட்டு உரிமை 513.6 கோடி பவுண்டுக்கு விற்றது. பட்டியலில் கடைசி இடம் பெற்றுக் கீழிறங்கும் கழகமும் இன்று ஒரு பருவத்தில் 10 கோடி பவுண்டுக்கு மேல் பெறுகிறது. நுழைவுச்சீட்டு வருமானம் பல கழகங்களுக்கு இரண்டாம் நிலைக்குச் சென்றுவிட்டது. அப்படியிருந்தும் சீட்டு விலை குறையவில்லை, ஏறியது. கூட்டமும் ஏறியது: 1992-93இல் ஆட்டத்திற்குச் சராசரி 21,000 பேர், அண்மைப் பருவங்களில் 38,000க்கும் மேல். வந்தவர்கள் பழையவர்கள்தானா என்பது வேறு கேள்வி. விலை கட்டுப்படியாகாத பலர் தெருமுனை மதுக்கடையின் திரைக்கு முன் நின்று பார்க்கத் தொடங்கினர்.

2016 பிப்ரவரி 6 அன்று ஆன்ஃபீல்டில் இந்தக் கோபம் வெளிப்பட்டது. புதிய மேடையில் சிறந்த இருக்கைக்கு 77 பவுண்டு எனக் கழகம் அறிவித்திருந்தது. சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77ஆம் நிமிடத்தில் பல ஆயிரம் ரசிகர்கள் எழுந்து வெளியேறினர். அப்போது லிவர்பூல் 2-0 என முன்னிலையில் இருந்தது. ஆட்டம் 2-2 என முடிந்தது. சில நாட்களில் உரிமையாளர்கள் விலையேற்றத்தைக் கைவிட்டனர். அடுத்த மாதம், வெளியூர் ரசிகர்களின் சீட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு என பிரீமியர் லீக் கழகங்கள் அறிவித்தன. ‘இருபதே போதும்’ என்ற பொருளில் ரசிகர் கூட்டமைப்பு மூன்று ஆண்டுகளாக நடத்திய இயக்கத்தின் பயன் அது. கேட்டது 20, கிடைத்தது 30.

கழகத்தின் சொந்தக்காரர்களாக இருந்தாலும் ரசிகர்களால் ஒளிபரப்பு நேரத்தைத் தடுக்க முடிவதில்லை. 2005இல் மான்செஸ்டர் யுனைடெட்டை கிளேசர் குடும்பம் வாங்கியதை எதிர்த்த ரசிகர்கள் ‘எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர்’ என்ற தம் சொந்தக் கழகத்தைத் தொடங்கினர். தொலைக்காட்சிக்காக நேரம் மாற்றுவதை எதிர்ப்பது அதன் கொள்கைகளுள் ஒன்று. 2015இல் செஸ்டர்ஃபீல்டுடன் அது ஆட வேண்டிய எஃப்.ஏ. கோப்பை ஆட்டம் ஒளிபரப்புக்காகத் திங்கள் இரவுக்கு நகர்த்தப்பட்டது. முதல் பாதி முழுவதும் ரசிகர்கள் பலர் தம் சொந்த மைதானத்துக்குள் நுழையாமல் வெளியே நின்றனர்.

ஜெர்மனியில் கதை வேறு விதமாக முடிந்தது. 2018 பிப்ரவரியில் ஃபிராங்ஃபர்ட் மைதானத்தில் திங்கள் ஆட்டத்தை எதிர்த்து டென்னிஸ் பந்துகளை ஆடுகளத்தில் வீசினர். 2021 முதல் முதல் பிரிவில் திங்கள் ஆட்டம் கைவிடப்பட்டது. அங்கே கழகங்களின் பெரும்பான்மை வாக்கு உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. இங்கிலாந்தில் அப்படி விதி இல்லை.

ஐடிவி டிஜிட்டல்

மேலே உள்ள 20 கழகங்களின் கதை பணம் பெருகிய கதை. கீழே உள்ள 72 கழகங்களுக்கு அதே தொலைக்காட்சி ஒரு பேரிடியாகவும் வந்தது.

கார்ல்டன், கிரனடா நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய கட்டணத் தொலைக்காட்சி ஐடிவி டிஜிட்டல். 2001 முதல் மூன்று பருவங்களுக்கு 31.5 கோடி பவுண்டு தருவதாக அது கால்பந்து லீக்குடன் ஒப்பந்தம் செய்தது. பிரீமியர் லீக்கில் இல்லாத ஆட்டங்களுக்கு அவ்வளவு சந்தாதாரர்கள் கிடைப்பார்களா என்ற ஐயம் தொடக்கத்திலேயே எழுந்திருக்க வேண்டும். கழகங்கள் ஐயப்படவில்லை. வரப்போகும் பணத்தை நம்பி வீரர்களுக்கு நீண்ட கால ஊதிய ஒப்பந்தங்கள் எழுதின.

2002 மார்ச்சில் ஐடிவி டிஜிட்டல் நொடித்துப்போனது. பாக்கி 17.85 கோடி பவுண்டு. தாய் நிறுவனங்களிடமிருந்து அதைப் பெற லீக் வழக்குத் தொடுத்தது. அந்நிறுவனங்கள் பொறுப்பேற்கும் உறுதிப்பத்திரம் எதிலும் கையொப்பம் பெறப்படவில்லை என்பதால் லீக் தோற்றது. ஸ்கை நான்கு ஆண்டுகளுக்கு 9.5 கோடி பவுண்டு என்ற மலிவு விலைக்கு உரிமையை எடுத்துக்கொண்டது. கோடையில் ஏராளமான வீரர்கள் வேலை இழந்தனர். பிராட்ஃபோர்டு சிட்டி, பார்ன்ஸ்லி, லெஸ்டர் சிட்டி, இப்ஸ்விச் டவுன் எனக் கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடன் நிர்வாகத்தின் கீழ் சென்றன. லெஸ்டர் அந்த நிலையிலும் அதே பருவத்தில் மேல் பிரிவுக்கு உயர்ந்தது மற்றவர்களை எரிச்சலூட்டியது. கடன் நிர்வாகத்துக்குச் செல்லும் கழகத்துக்கு 10 புள்ளிகள் குறைக்கும் விதி அதன் பின்னரே வந்தது.

ஆளில்லா மைதானங்கள்

லார்டு அஞ்சிய காலி மைதானம் கடைசியில் வந்தது. கொண்டுவந்தது கொரோனா பெருந்தொற்று. 2020 ஜூன் 17 முதல் பிரீமியர் லீக் ஆட்டங்கள் பார்வையாளர் இன்றி நடந்தன, எல்லாமே நேரலையாக. அமைதியான மைதானத்தைத் திரையில் பார்க்கச் சலிப்பாக இருந்தது. ஈஏ நிறுவனத்தின் கணினி விளையாட்டிலிருந்து எடுத்த கூட்ட இரைச்சலை ஸ்கை ஒளிபரப்பில் சேர்த்தது. இத்தனை ஆண்டுகளாகத் தான் விற்றது ஆட்டத்தை மட்டுமன்று, அதைச் சுற்றி இருந்த கூட்டத்தையும்தான் என்பதற்கு ஒளிபரப்பாளரே தந்த ஒப்புதல் அது.

அக்டோபரில், வழக்கமான சந்தாவில் சேராத ஆட்டங்களுக்குத் தலா 14.95 பவுண்டு கட்ட வேண்டும் என அறிவிக்கப்பட்டது. நியூகாசில் ரசிகர்கள் அந்தத் தொகையைத் தம் ஊர் உணவு வங்கிக்கு நன்கொடையாக அளித்தனர். மற்ற ஊர்களும் பின்பற்றின. நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. 2021 ஏப்ரலில் 12 பெரிய ஐரோப்பியக் கழகங்கள் தமக்குள் மூடிய லீக் ஒன்றை அறிவித்தபோது, செல்சி மைதான வாயிலில் ரசிகர்கள் திரண்டனர். அதில் சேர்ந்த ஆறு இங்கிலாந்துக் கழகங்களும் இரண்டே நாளில் விலகின. மே 2 அன்று மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் ஓல்டு டிராஃபோர்டு ஆடுகளத்துக்குள் புகுந்ததால் லிவர்பூலுடனான நேரலை ஆட்டமே ஒத்திவைக்கப்பட்டது.

இன்றைய நிலை

2025இல் தொடங்கிய நான்கு பருவ ஒப்பந்தத்தின் மதிப்பு 670 கோடி பவுண்டு. 380 பிரீமியர் லீக் ஆட்டங்களில் சுமார் 270 நேரலையாக வருகின்றன. அதாவது சனிக்கிழமை மூன்று மணிக்கு நடக்காத ஆட்டங்கள் அனைத்தும். கீழ்ப் பிரிவுகளுக்கு 2024 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 93.5 கோடி பவுண்டு ஒப்பந்தம் உள்ளது. அதன்படி பருவத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஸ்கை காட்டுகிறது. ரசிகர்களின் பயணத் திட்டத்தை எண்ணி, பருவத்தின் முதல் பகுதிக்கான ஒளிபரப்புத் தேர்வுகளைப் பருவம் தொடங்கும் முன்னரே அறிவிக்கவும் அதில் ஏற்பாடு உண்டு.

நான்காம் பிரிவுக் கழகங்களுக்குச் சீட்டு விற்பனை இன்றும் உயிர்நாடி. ஒளிபரப்பாகும் ஆட்டத்துக்கு வெளியூர் ரசிகர் 200 பேர் குறைந்தால் அந்த வாரக் கணக்கில் அது தெரியும். அவற்றின் ஆட்டங்களில் பெரும்பாலானவை இப்போதும் சனிக்கிழமை மூன்று மணிக்கே நடக்கின்றன. அந்த நேரத்தில் பிரிட்டன் முழுவதும் தொலைக்காட்சித் திரைகளில் கால்பந்து கிடையாது.